நெய்வேலிக் குளிரும் ஒரு தணல் சட்டியும்

‘மார்கழியில் பிறக்கும் ஆட்டுக்குட்டிகள் எங்கள் வீட்டில் தங்குவதில்லை. கொட்டகைக்குள் தணல் வைக்கலாமா?’ என்று நெய்வேலி பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார். இரண்டு வரியில் பதில் எழுதியிருக்கலாம். கடலூரில் வேறு வேலை இருந்ததால், நேரில் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன்.

விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஆர்ச் கேட்டில் இறங்கினேன். அனல்மின் நிலையத்தின் நீராவி எது, மார்கழிப் பனி எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. டீக்கடையில் நின்ற எல்லோர் தலையிலும் மப்ளர். 1957-ல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்த ஊர் இது. இங்கிருந்து வந்த லெக்கோ கரியில்தான் என் சிறுவயதில் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது. நெருப்போடு பழகிய ஊர். அதனாலேயே நெருப்பின் மீது பயம் கொஞ்சம் குறைவு.

அங்கிருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம். செம்மண் பாதையின் இருபுறமும் முந்திரித் தோப்பு, இலை நுனியெல்லாம் பனி சொட்டிக்கொண்டிருந்தது. அந்த அம்மா வாசலிலேயே காத்திருந்தார்.

கொட்டகையைப் பார்த்தேன். நான்கு பக்கமும் தார்ப்பாய் கட்டி, தரையோடு செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். உள்ளே மூத்திர நெடி கண்ணை எரித்தது. தரை சொதசொதவென்று ஈரம். மூலையில் முந்திரி விறகுக் கரி போட்ட தணல் சட்டி. முந்தின இரவு பிறந்த மூன்று குட்டிகளில் ஒன்றுதான் உயிரோடு இருந்தது.

“நெருப்பு இல்லாம குட்டி எப்படி சார் தாங்கும்?” என்றார் அந்த அம்மா.

ஊட்டியில் உறைபனி விழும். நெய்வேலியில் மார்கழி இரவிலும் குளிர் 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். உலர்ந்த குட்டிக்கு அது பெரிய குளிரே இல்லை. ஆனால் ஆட்டின் உடல் வெப்பம் 102 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல். பனிக்குடத்து ஈரம் காயாத குட்டி ஈரத் தரையில் படுத்து, வாடைக் காற்றும் பட்டால், அந்தச் சூடு சீக்கிரம் இறங்கிவிடும். காற்றை அடைத்தால் மூச்சு முட்டும். ஈரத்தை அகற்றினால் பிழைக்கும்.

பேசிக்கொண்டே வீட்டுத் திண்ணைக்கு வந்தோம். உள்ளே தலைப்பிரசவத்துக்கு வந்த மகளும் பதினெட்டு நாள் குழந்தையும். கதவோரம் இன்னொரு தணல் சட்டி. குழந்தைக்குச் சாம்பிராணி போட்ட தணலை, குளிருக்கு ஆகட்டும் என்று இரவிலும் உள்ளேயே வைத்து, ஜன்னலையும் சாத்தியிருக்கிறார்கள்.

“காலையில தலைவலி இருக்குதாம்மா?” என்று கேட்டேன்.

“நாலு நாளா இருக்கு சார். பனித் தலைவலின்னு அம்மா சொன்னாங்க.”

எனக்குச் சொரேர் என்றது. முதலில் ஜன்னலைத் திறந்து, சட்டியை வெளியே வைக்கச் சொன்னேன். தாயையும் பிள்ளையையும் அன்றே ஆஸ்பத்திரியில் காட்டச் சொன்னேன்.

பெரியவர், அந்த அம்மாவின் மாமனார், சிரித்தார். “நெய்வேலிக்காரனுக்கு நெருப்பைப் பத்திப் பாடமா? புகையே இல்லையே சார்.”

“புகை இல்லாததுதான் ஐயா ஆபத்து” என்றேன். கனிந்த தணலிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வரும். நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தை, அதைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு இது பிடித்துக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி, பிறகு மயக்கம். தூங்குகிறவர் எழவே மாட்டார். பெரியவர் அதற்குப் பிறகு பேசவில்லை. தானே எழுந்து சட்டியைத் தூக்கிக் களத்தில் கொட்டினார்.

வாசகிக்கும், இதே கேள்வி உள்ள மற்றவர்களுக்கும் பதில் இதுதான்:

கொட்டகையில் தணல் வேண்டாம். வடக்கு, கிழக்குப் பக்கம் மூன்றடி உயரம் வரை கீற்றோ சாக்கோ கட்டுங்கள். அதற்கு மேல் திறந்தே இருக்கட்டும். தரையில் காய்ந்த வைக்கோலோ மல்லாட்டைத் தோலோ கனமாகப் பரப்பி, ஈரமானதைத் தினமும் அள்ளிவிடுங்கள். பிறந்த குட்டியை உலர்ந்த சாக்கால் நன்றாகத் தேய்த்துத் துடைத்து, ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வையுங்கள். குட்டியின் வாய்க்குள் விரலை விட்டால் சில்லென்று இருந்தால், முதலில் மடியில் வைத்துச் சூடேற்றுங்கள். பால் அதன் பிறகுதான்.

வீட்டில் தாய்க்கும் பிள்ளைக்கும் கம்பளியும் உலர்ந்த துணியும் போதும். சாம்பிராணி போட்டால், முடிந்ததும் சட்டி வெளியே போய்விட வேண்டும். மூடிய அறையில் யாராவது மயங்கிக் கிடந்தால் கதவு ஜன்னலைத் திறந்து, காற்றோட்டமான இடத்துக்குத் தூக்கி வந்து, உடனே 108-ஐ அழையுங்கள்.

பத்து நாள் கழித்து அந்த அம்மா போன் செய்தார். மகளுக்குத் தலைவலி நின்றுவிட்டது, பேரப்பிள்ளை நன்றாக இருக்கிறான். மிஞ்சிய அந்த ஒரு குட்டியும் துள்ளுகிறதாம்.