மஞ்சள் துணி கட்டாத மரம்

சமயபுரம் மாரியம்மனின் சித்திரைத் தேருக்கு நெ.1 டோல்கேட் தாண்டி வெறுங்காலோடு வருகிறவர்களைக் கேட்டால் மரத்தின் அருமை தெரியும். நான்குவழிச் சாலையில் எங்காவது துண்டு நிழல் தட்டுப்பட்டால் போதும், மஞ்சள் உடுத்திய கூட்டம் அங்கே ஒதுங்கிவிடும்.

சமயபுரத்தாளுக்கு வேம்புதான் தலவிருட்சம். அதனால் எங்கள் பக்கம் வேம்புக்கு ஒரு காவல் உண்டு. அடியில் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் துணியைச் சுற்றிக் குங்குமம் வைத்துவிட்டால், அந்த மரத்தில் எவனும் அரிவாளை வைக்க மாட்டான். துணி கட்டாத மரத்தின் கதை வேறு. வயலை மனையாக்குகிறவர்கள் முதல் வேலையாக ஜேசிபியைக் கூப்பிடுகிறார்கள். கல் ஊன்றுவதற்குள் வரப்பு மரமெல்லாம் விறகாகிவிடுகிறது.

எங்கள் தெருவில் நல்ல வைரம் பாய்ந்த வேம்பு ஒன்று இருந்தது. ஒரு நாள் காலையில் மெஷின் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தால், பாதி மரம் தரையில் கிடந்தது. அறுத்த இடத்தில் ஈரம் கசிந்துகொண்டிருந்தது, கிளையெல்லாம் பூ. "எங்க இடத்து மரம்தானே சார்? இலை கொட்டி சாக்கடை அடைக்குது" என்றார் வீட்டுக்காரர். கெட்ட மனிதர் அல்ல. தெருவில் யாருக்கு அம்மை போட்டாலும் அந்த மரத்திலிருந்துதான் வேப்பிலை ஒடித்துக் கொடுப்பார்.

நம் ஊர்ச் சட்டப்படி அவர் சொன்னது சரிதான். வேறு சில இடங்களில் அப்படியல்ல. மகாராஷ்டிர நகரங்களில் 1975 முதலும், கர்நாடகத்தில் 1976 முதலும், டில்லியில் 1994 முதலும் மரத்தைக் காக்கவென்றே சட்டம் இருக்கிறது. அங்கெல்லாம் சொந்த வீட்டு மரமானாலும் பொதுவாக அனுமதி வாங்கித்தான் வெட்ட வேண்டும். நம் மாநிலத்தில் 1955-லேயே மரப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் அது மலைப்பகுதிக்கு மட்டும். சமவெளியில் அரசு நிலத்து மரம் என்றால், கலெக்டர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழு கேள்வி கேட்கும். சந்தனத்துக்குத் தனி விதி உண்டு. பட்டா நிலத்து வேம்புக்கு உடையவர் மனசுதான் சட்டம்.

தாஜ்மகாலைச் சுற்றியுள்ள பாதுகாப்பு வட்டாரத்தில் அனுமதியில்லாமல் வெட்டிய 454 மரங்களுக்கு, மரத்துக்கு 1 லட்சம் ரூபாய் வீதம் அபராதம் விதிக்கலாம் என்று 2025-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அவற்றிலும் பெரும்பாலானவை தனியார் நிலத்து மரங்கள்தாம். ஆனால் அபராதம் வரும்போது மரம் இருக்காது. ஒன்றுக்குப் பத்தாகக் கன்று வைக்கலாம். கன்றின் நிழல் இந்தச் சித்திரைக்கு உதவாது.

நான் கேட்பது பெரிய தடை ஒன்றுமில்லை. ஒரு மனு, ஒரு வாரக் கெடு, நேரில் வந்து பார்க்க ஓர் ஆள். "கிளையை மட்டும் கழித்தால் போதாதா?" என்று அப்படி வந்த ஆள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எங்கள் தெரு வேம்பு பிழைத்திருக்கும். பல மரங்கள் கேட்க நாதியில்லாமல்தான் சாகின்றன. எல்லா மரத்தையும் மாரியம்மன் தலையில் கட்டிவிட முடியுமா? பேரூராட்சியும் கொஞ்சம் சுமக்கட்டும்.