இரண்டாவது நகர்த்தல்

எனக்கு அரியலூரில் வங்கிக் குமாஸ்தா வேலை, குடியிருப்பு பெரம்பலூரில். வெள்ளிக்கிழமை மாலை பஸ் ஏறுவதற்கு முன் ஒரு சதுரங்க ஆட்டம் என்பது அரியலூர் நண்பருடன் ஏற்பாடு. அவர் கவிஞர். போன வருஷம் அவருடைய முதல் தொகுதிக்கு நான் எழுதிய விமர்சனத்துக்குப் பிறகும் ஆட்டம் நிற்கவில்லை. பேச்சுதான் குறைந்துவிட்டது.

வெள்ளைக் காய்கள் எப்போதும் அவருக்கு. ராணியின் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்துவார். நானும் அப்படியே. அடுத்து சி4 ஆடி ராணி காம்பிட்டுக்கு வருவார் என்று காத்திருப்பேன். அதற்கு நிறையவே படித்து வைத்திருக்கிறேன். அவரோ மந்திரியை எஃப்4-ல் வைத்துவிட்டு டீ சொல்லப் போய்விடுவார். லண்டன் முறை. 1922-ல் லண்டனில் நடந்த போட்டியில் ஆடப்பட்டதால் வந்த பெயர். அதே வருஷம் அதே ஊரில் வங்கி உத்தியோகத்திலிருந்த எலியட் 'பாழ் நிலம்' வெளியிட்டார். அதன் இரண்டாம் பகுதியின் தலைப்பு சதுரங்க ஆட்டம். இதற்கு அர்த்தம் எதுவுமில்லை. வங்கிக்காரனுக்கு ஒரு அற்ப சந்தோஷம், அவ்வளவே.

பல மாதங்கள் நான் மந்திரியைச் சட்டை செய்யாமல், காம்பிட்டுக்குப் படித்த பதிலையே ஆடினேன். காய்களெல்லாம் ஒழுங்காக நிற்கும். அவர் குதிரை இ5-ல் வந்து உட்காரும். தோற்பேன். எஃப்4-க்குப் போன மந்திரிதான் பி2 சிப்பாய்க்குக் காவல் என்பது வெகு தாமதமாகவே பட்டது. சி5 ஆடி, ராணியை பி6-க்குக் கொண்டுவர வேண்டும். டிராம்போவ்ஸ்கியில் மந்திரி ஜி5-க்கு வந்தாலும் கேட்க வேண்டியது இதுதான்: எதை விட்டுவிட்டு வந்திருக்கிறது?

2024 டிசம்பரில் சிங்கப்பூரில், உலகப் பட்டத்துக்கான ஆறாவது ஆட்டத்தில், டிங் லிரென் குகேஷுக்கு எதிராக இந்த லண்டனைத்தான் ஆடினார். கறுப்பில் ஆடிய குகேஷ் குதிரையை ஓரத்துக்கு அனுப்பி மந்திரியைத் துரத்தினார். பிறகு, நகர்த்தல்களைத் திருப்பி ஆடி டிரா செய்துகொள்ளக்கூடிய இடத்தில், தன் நிலை சற்று மோசமாக இருந்தும் மறுத்துத் தொடர்ந்தார். கடைசியில் டிராதான். ஆனால் அந்த மறுப்பு என்னை விடவில்லை.

என் விமர்சனத்தை எடுத்துப் படித்தேன். முழுக்கப் படிமக் கவிதைக்கு நான் தயார் செய்து வைத்திருந்த ஆட்சேபணைகள். அவர் கவிதைகளில் படிமமே கிடையாது.

போன வெள்ளிக்கிழமை சி5, பிறகு ராணி பி6. அவர் வெகுநேரம் பலகையைப் பார்த்தார்.

"அந்த விமர்சனம் தப்புங்க," என்றேன்.

நிமிரவில்லை. தன் ராணியை பி3-ல் என் ராணிக்கு எதிரே நிறுத்தினார்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு. ஆடுங்க."