நான்காம் இடம் போதாது

சம்பா அறுவடை, பொங்கல், ஹாக்கி இந்தியா லீக் எல்லாம் ஒரே சமயத்தில் வந்த 2025 சனவரி அது. பகலில் களத்துமேடு, ராத்திரி டிவி. 2017-க்குப் பிறகு நின்றுபோன லீக் திரும்பியதும், தமிழ்நாடு டிராகன்ஸ் என்று நமக்கே ஒரு அணி! எங்கள் தஞ்சாவூருக்குக் கொள்ளிடத்துக்கு அக்கரை அரியலூர்ப் பையன் கார்த்தி செல்வம் அந்தச் சட்டையில் ஓடுவதைப் பார்க்கவே தனி சந்தோஷம்.

நம் அணியில் அமித் ரோஹிதாஸ் தடுப்பில் நின்றால் பயமில்லை. யிப் யான்சன் பெனால்டி கார்னர் எடுக்க வந்தாலே எழுந்து உட்கார்ந்துவிடுவேன். அரையிறுதியில் பெங்கால் டைகர்ஸிடம் ஷூட் அவுட்டில்தான் தோற்றோம். அது இன்னும் ஆறவில்லை. கோப்பைக்கே தகுதியான அணி, நான்காம் இடத்தோடு முடிந்தது.

அந்தப் பருவத்தில் ஒரு ஆட்டமாவது தமிழ்நாட்டில் நடந்திருக்க வேண்டாமா? சொந்த மண்ணில் கூட்டம் சத்தம் போட்டால் கால்களுக்கு வரும் வேகமே வேறு. அடுத்த பருவம் சென்னை எழும்பூர் மைதானத்துக்கு வரட்டும் என்றிருந்தேன். தஞ்சாவூரிலிருந்து ரயிலேற நாங்கள் தயாராக இருந்தோம்.