மறுப்புரை இல்லாத விவாதம்

பள்ளிகளுக்கிடையிலான விவாதப் போட்டிக்கு இந்த ஆண்டும் சுற்றறிக்கை வந்தது. ஒட்டிப் பேச மூவர், வெட்டிப் பேச மூவர், ஆளுக்கு நான்கு நிமிடம், மூன்றாவது நிமிடத்தில் எச்சரிக்கை மணி. எல்லாம் வழக்கம்போலத்தான். மறுப்புரைச் சுற்றை மட்டும் எடுத்துவிட்டார்கள். ஒரே நாளில் அத்தனை அணிகளையும் பேசவைத்து, புள்ளிகளைக் கூட்டி, சுழற்கோப்பைப் பட்டியலில் ஏற்ற வேண்டியிருக்கிறதாம், நேரமில்லையாம். மறுப்புரை இல்லாத விவாதத்துக்கு நடுவராக வர இயலாது என்று எழுதி அனுப்பிவிட்டேன். பணி ஓய்வுக்குப் பிறகும் நான் விடாமல் செய்துவந்த வேலை அது.

எங்கள் பேச்சுப் போட்டிப் பருவம் ஜூலை 15, காமராசர் பிறந்தநாளில் தொடங்கும். செப்டம்பர் பிறந்துவிட்டால் மூச்சுவிட முடியாது: 5 வ.உ.சி., 11 பாரதி, 15 அண்ணா, 17 பெரியார். பிறகு காந்தி, நேரு. டிசம்பர் 11-இல் மறுபடி பாரதி. தமிழ் வளர்ச்சித் துறை நடத்தும் மாவட்டப் பேச்சுப் போட்டிகளில் 5000, 3000, 2000 ரூபாய் என்று பரிசு உண்டு. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் இருவருக்குத் தனியாகச் சிறப்புப் பரிசும் உண்டு. நல்ல காரியம். பாளையங்கோட்டையிலும் பேட்டையிலும் எத்தனையோ பிள்ளைகளுக்குக் கூச்சம் போனது அந்த மேடைகளில்தான். ஆனால் அவை தனிப்பேச்சு. வீட்டில் உருப்போட்டு வந்து ஏற்ற இறக்கத்தோடு சொன்னால் போதும். விவாதத்தில் பாதிப் பேச்சை எதிரணிதான் நமக்கு எழுதித் தருகிறது. இந்த வேறுபாட்டைப் புள்ளி போடுகிறவர்களே மறந்துவிட்டார்கள்.

எனக்கு இதைக் கற்றுத் தந்தவர் எங்கள் பள்ளித் தமிழாசிரியர். புலவர் ஐயா என்போம். சனிக்கிழமை மாலைகளில் குறுக்குத்துறைப் படித்துறைக்கு வரச் சொல்வார். தலைப்பு பெரும்பாலும் ஆற்றைப் பற்றியே இருக்கும்: தாமிரபரணித் தண்ணீரில் முதல் உரிமை வயலுக்கா, ஆலைக்கா? மருதூர் அணைக்கட்டுப் பாசனத்தில் காரும் பிசானமும் விளைகிற வீட்டுப் பையனைத் தேடிப் பிடித்து ஆலைப் பக்கம் நிறுத்துவார். அவன் முகம் சுருங்கும். அது அவருக்கு வேண்டும்.

ஒருவன் பேசி முடித்ததும் அடுத்தவன் உடனே மறுக்கக் கூடாது. அவன் சொன்னதை அவனிடமே திருப்பிச் சொல்ல வேண்டும். "ஆமா, நான் சொன்னது இதுதான்" என்று அவன் வாயால் ஒப்புக்கொண்ட பிறகே மறுப்புக்கு அனுமதி. முதல் முறை ஒருவரும் தேறியதில்லை. "ஏலே, அவன் சொன்னதக் கேட்டியா, நீ நெனச்சதக் கேட்டியா?" என்பார். தாளை நடுவில் மடித்து, இடப்பக்கம் எதிராளியின் வாதத்தை அவன் சொல்லாலேயே எழுத வேண்டும். அவன் உட்காரும்வரை வலப்பக்கத்தில் பேனா படக் கூடாது. சொல்வதற்கு எளிதாக இருக்கிறது. எதிரே ஒருவன் பேசிக்கொண்டிருக்க, நமக்குள் பதில் கொதித்துக்கொண்டிருக்க, அந்தக் கொதிப்பை அடக்கி அவனுடைய சொல்லையே கேட்பது எவ்வளவு கடினம் என்று செய்து பார்த்தவனுக்குத்தான் தெரியும். குரல், நிற்கும் விதம், மேற்கோள் எல்லாம் எனக்கு ஒரே பருவத்தில் கைவந்தன. காதைப் பழக்கப் பல ஆண்டுகள் ஆயின.

இன்னும் ஒரு படி வைத்திருந்தார். எதிராளி திக்கித் திணறி அரைகுறையாகச் சொன்னதை நாம் திருத்தமாகச் சொல்லி, அவன் விட்டுவிட்ட சான்றையும் சேர்த்துக் கொடுத்து, அதன் பிறகு மறுக்க வேண்டும். நன்னூல் சொல்லும் எழுவகை மதத்தில், அதாவது ஏழு கொள்கை நிலைகளில், பிறர் மதத்தை மேற்கொண்டு களைதல் என்று மூன்றாவதாக நிற்பதற்கு அவர் வைத்த பொருள் இது. உடன்படல், மறுத்தல் என்ற முதல் இரண்டு மதமும் எவனுக்கும் வரும், மூன்றாவதுதான் படித்தவனுக்கு வரும் என்பார். சான்றுக்கு அவர் தொலைவில் தேட வேண்டியிருக்கவில்லை. 1785-இல் மறைந்த சிவஞான முனிவர் ஆற்றின் மேலே விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்தவர். மறுப்புக்கென்றே நூல்கள் எழுதியவர். இலக்கண விளக்கச் சூறாவளி அவற்றில் ஒன்று. எதிர்நூலை முன்னே வைத்து, இந்த இடம், இந்தச் சொல் என்று விரல் வைத்துக் காட்டி மறுப்பார். மொழி கடுமைதான். ஆனால் எதை மறுக்கிறார் என்பதில் படிப்பவனுக்கு ஐயம் வராது. விக்கிரமசிங்கபுரத்துக்குக் கீழே இருக்கிற ஊர்களில்தான் இன்று மறுப்புரைக்கு நேரமில்லை என்கிறார்கள்.

இப்போது நடப்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். பேச்சு வாட்ஸப்பில் வருகிறது. எழுதிக் கொடுப்பவர்கள் பணம் வாங்கிக்கொண்டு இரண்டு பக்கத்துக்கும் எழுதுகிறார்கள். சென்ற பருவத்தில் ஒரு பிள்ளை, "எதிரணித் தோழி சற்று முன் சொன்னாரே" என்று கையை நீட்டி முழங்கியது. அந்தத் தோழி அப்படி எதுவுமே சொல்லவில்லை. அந்த வரியும் மனப்பாடத்தில் இருந்தது. அரங்கம் கைதட்டியது. மதிப்பெண் தாளில் உச்சரிப்பு, கருத்து, மொழிநடை, உடல்மொழி, நேரம் என்று கட்டங்கள். கேட்டதற்கும் பதில் சொன்னதற்கும் ஒரு கட்டம் இல்லை. அந்த அணிதான் புள்ளிப் பட்டியலில் மேலே போனது. பிள்ளையை நான் குறை சொல்லமாட்டேன். கட்டம் போட்டவர்களைச் சொல்கிறேன்.

புள்ளியும் தரவரிசையும் இருந்தால் இப்படித்தான் ஆகும் என்பதையும் ஏற்கமாட்டேன். அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளின் கொள்கை விவாதத்தில் நாடு முழுவதற்கும் ஆண்டு முழுவதும் ஒரே தலைப்பு. அரசு இன்னதைச் செய்ய வேண்டும் என்கிற மாதிரியான கொள்கைத் தலைப்பு. அணிக்கு இருவர். ஒவ்வொருவரும் எட்டு நிமிடம் வாதம் வைத்து, பிறகு ஐந்து நிமிடம் மறுக்க வேண்டும். ஒவ்வொரு வாதத்தையும் அடுத்து எதிரணி மூன்று நிமிடம் குறுக்கு விசாரணை செய்யும். ஆட்டத்தின் எட்டுப் பேச்சில் நான்கு மறுப்புரை. பதில் சொல்லாமல் விட்ட வாதம் ஒப்புக்கொண்டதாகவே கொள்ளப்படும். கென்டக்கிப் பல்கலைக்கழகத்தில் நடக்கும் பருவ இறுதிப் போட்டிக்குத் தகுதி பெறப் பிள்ளைகள் படாத பாடு படுகிறார்கள். காது பிடிக்காத வேகத்தில் சான்றுகளைக் கொட்டுகிறார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் தரவரிசைக்காக மறுப்புரையை அவர்கள் வெட்டவில்லை.

இங்கேயும் முடியும். வாழ்த்துரைகளையும் பொன்னாடைகளையும் குறைத்தால் அணிக்கு மூன்று நிமிட மறுப்புரை தாராளமாகக் கிடைக்கும். நூறு மதிப்பெண்ணில் ஐம்பதை அதற்கு ஒதுக்கட்டும். தலைப்பை முன்கூட்டியே சொல்லலாம். எந்தப் பக்கம் என்பதை மட்டும் மேடையேறுவதற்கு அரை மணி முன்னால் சீட்டுக் குலுக்கிச் சொல்லட்டும். எழுதிக் கொடுக்கிற தொழில் அந்தப் பருவத்திலேயே படுத்துவிடும்.