விற்காத பின்னல்

குமாரபாளையத்தில் அமைதி என்பது கரண்ட் போனால் வருவது. மற்ற நேரமெல்லாம் விசைத்தறிச் சத்தம்தான். இரவிலும் ஷிஃப்ட் உண்டு என்பதால் அந்தச் சத்தத்துக்குள்ளேயே தூங்கி, படித்து, சண்டை போட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஐப்பசியில் இடியோடு மழை பிடித்து மின்சாரம் நின்றால், தெரு முழுக்கத் தறிகள் சட்டென்று ஓயும். அப்போதுதான் ஓட்டின்மேல் மழை விழுவதே காதில் கேட்கும். எனக்குக் குரோஷா ஊசியை எடுக்கத் தோன்றுவது அந்த நேரத்தில்தான். அம்மாவுக்குக் கூலி நிற்பதும் அதே நேரத்தில்தான். மழைநாளை ரசிக்க வீடு மேட்டிலும் இருக்க வேண்டும். 2022 ஆகஸ்டில் காவிரி வெள்ளம் வந்தபோது ஆற்றோரக் குடும்பங்கள் சாமான்களைத் தூக்கிக்கொண்டு முகாம்களுக்குப் போனார்கள். இதையெல்லாம் தெரிந்துகொண்டேதான் நான் மழையை விரும்புகிறேன்.

கேக்கும் மழைநாள் சமாச்சாரம். எங்கள் வீட்டில் ஓவன் இல்லை. இருந்தாலும் கரண்ட் இல்லாதபோது என்ன செய்ய? குக்கரில் அடியில் இரண்டு கை கல்லுப்பைப் பரப்பி, மேலே ஒரு வளையம் வைத்து, கேஸ்கட்டையும் விசிலையும் கழற்றிவிட்டுப் பத்து நிமிஷம் காய விட வேண்டும். பிறகு மாவுப் பாத்திரத்தை இறக்கிச் சிறு தீயில் முக்கால் மணி நேரம். வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய், பாதிச் சீனிக்குப் பதில் நாட்டுச்சர்க்கரை. முட்டைக்கு நாமக்கல் மாவட்டத்தில் பஞ்சமா? படத்தில் பார்ப்பதுபோல மேல்பக்கம் சிவக்காது, வெளுத்தே இருக்கும். கவிழ்த்து வைத்தால் அடிப்பக்கம் அழகாக இருக்கும், அதையே மேல்பக்கம் என்று சொல்லிவிடலாம்.

கேக்குக்கு வீட்டில் யாரும் மறுப்புச் சொன்னதில்லை. தின்னக் கிடைக்கிறதே! என் சந்தோஷம் இன்னொருவர் வயிற்றில் போய் முடிந்தால் அதற்குக் கைமணம் என்று பெயர். பின்னலுக்கு அந்தச் சலுகை கிடையாது. சங்கிலி போட்டு, வளைத்து, சதுரம் சதுரமாக நான் பின்னிக்கொண்டே போவது எதற்கு என்று எல்லோரும் கேட்டாயிற்று. டிவிமேல் போடலாமே என்றார் பக்கத்து வீட்டு அக்கா. ஆன்லைனில் விற்றால் நல்ல காசு என்றார் சித்தப்பா. மழைக்கு டீக்கடையில் ஒதுங்கி மூன்று மணி நேரம் பேசித் தீர்க்கும் ஆண்களிடம், அந்தப் பேச்சை விற்றால் என்ன கிடைக்கும் என்று யாரும் கேட்டதில்லை.

விற்கும் பெண்களை நான் குறை சொல்லவில்லை. ஒயர் கூடை பின்னியே பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். ஆனால் விலை சொல்லும்போது அவர்களும் ஒயரின் விலையைத்தான் கணக்கில் சேர்க்கிறார்கள், உட்கார்ந்த நேரத்தைச் சேர்ப்பதில்லை. ஆந்திராவின் நர்சாபூரில் 19-ஆம் நூற்றாண்டில் மிஷனரிகள் கற்றுக்கொடுத்த இதே குரோஷா, பிறகு ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்தது. ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் அங்கே ஆய்வு செய்து 1982-இல் புத்தகம் வெளியிட்டார். வீட்டு வேலை போக நாளுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் பின்னிய அந்தப் பெண்களை யாரும் தொழிலாளி என்று ஒப்புக்கொள்ளவில்லை. வீட்டுப் பெண்கள் ஓய்வு நேரத்தில் ஏதோ பின்னுகிறார்கள், அவ்வளவுதான் என்றார்கள். ஓய்வு என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு கூலியை அடிமட்டத்தில் நிறுத்த முடிந்தது. படித்ததிலிருந்து அந்தச் சொல்லை யார் சொன்னாலும் நான் கொஞ்சம் உஷாராகிவிடுகிறேன். எனக்கு வேண்டியது நிஜமான ஓய்வு. அதை யாரும் எடை போட்டு வாங்கக் கூடாது.

அம்மா தார் சுற்றுகிறவர். நாடாவுக்குள் போகும் ஊடை நூலைச் சுற்றிச் சுற்றியே அவர் விரல் காய்த்திருக்கிறது. நூல் அவருக்கு எப்போதும் கணக்கோடுதான் கைக்கு வந்திருக்கிறது. துணியில் பழுது விழுந்தால் அப்பாவின் கூலியில் பிடித்துவிடுவார்கள் என்ற பயம் வீட்டில் எப்போதும் உண்டு. அதனால் நான் ஒரு கண்ணி தப்பியதற்காகப் பாதிச் சதுரத்தைச் சரசரவென்று இழுத்துப் பிரித்ததைப் பார்த்துப் பதறிவிட்டார். குரோஷாவில் எப்போதும் ஒரே ஒரு கண்ணிதான் திறந்திருக்கும்; அதை இழுத்தால் போட்டது அத்தனையும் நூலாகத் திரும்பிவிடும்.

"அட, நூலு அப்படியே இருக்குதே!" என்றார். பிறகு, "நா ஒருக்கா இழுக்கட்டுமா கண்ணு?"

மிச்சமிருந்த பாதியையும் அவரே இழுத்தார். தறிக்காரர் வீட்டுப் பெண், நூலை வேண்டுமென்றே பிரித்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். "இன்னொருக்கா போடு, பாக்கறேன்" என்றார். போட்டேன். அந்தச் சதுரம் இப்போது நான்காவது தடவையாகப் பாதியில் நிற்கிறது.