குடும்பம் வந்து சேர்ந்தது

பணி ஓய்வுக்குப் பிறகு எனக்கு ஏற்பட்ட பழக்கம், பழைய காலத்து மனிதர்களின் நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் தேடிப் படிப்பது. சரித்திரப் புத்தகங்களில் கிடைக்காத சமாசாரங்கள் அவற்றில் கிடைக்கும். சில மாதங்களாக ஒரு அமெரிக்கத் தம்பதியோடு எனக்குப் பொழுது போகிறது. கணவர் ஜான் குவின்சி ஆடம்ஸ். மனைவி லூயிசா கேதரின்.

ஆடம்ஸ் 1825 முதல் 1829 வரை அமெரிக்க ஜனாதிபதியாக இருந்தவர். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே ரஷ்யாவில் தூதராக இருந்தார். பன்னிரண்டு வயதில், 1779-இல், நாட்குறிப்பு எழுத ஆரம்பித்தவர் 1848-இல் சாகும்வரை விடவில்லை. மொத்தம் 51 தொகுதிகள். பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் வரலாற்றுச் சங்கத்தில் இருக்கின்றன. அவர் கையெழுத்திலேயே இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். எழுந்த நேரம், படித்த நூல், சந்தித்த ஆள், நடந்த பேச்சு என்று கணக்குப்பிள்ளை மாதிரி எழுதியிருக்கிறார்.

1809 ஆகஸ்டில் பாஸ்டனில் கப்பல் ஏறியவர்கள் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போய்ச் சேர அக்டோபர் 23 ஆகிவிட்டது. எட்டு வயதும் ஆறு வயதுமான மூத்த பிள்ளைகள் இருவரையும் ஊரிலேயே விட்டுவிட்டு, இரண்டு வயது கைக்குழந்தை சார்லஸை மட்டும் கூட்டிப் போனார்கள். அப்படி முடிவு செய்தபோது தன்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று லூயிசா அம்மையார் பிற்காலத்தில் எழுதி வைத்தார்.

1811-இல் அங்கே ஒரு பெண் குழந்தை பிறந்தது. அம்மாவின் பெயரையே வைத்தார்கள். பதின்மூன்று மாதம்தான் இருந்தது. நெப்போலியனின் படை மாஸ்கோவுக்குள் நுழைந்த அதே வாரத்தில், 1812 செப்டம்பரில், குழந்தை இறந்துவிட்டது. கணவரும் உடைந்துபோனார். ஆனால் அவருக்கு அலுவல் இருந்தது. அடுத்த மாதம் அம்மையாரும் ஒரு நாட்குறிப்பைத் தொடங்கினார். அதில் அரசியல் குறைவு, துக்கம் அதிகம்.

1814-இல் பிரிட்டனோடு சமாதானம் பேச ஆடம்ஸ் பெல்ஜியத்துக் கெண்ட் நகரத்துக்குப் போனார். மனைவியும் பிள்ளையும் ரஷ்யாவில். இருவருக்கும் இடையே கடிதங்கள்தான். ஒவ்வொன்றும் போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகும். அந்த ஆண்டு டிசம்பர் 24-இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. உடனே மனைவிக்கு எழுதினார்: வீட்டுச் சாமான்களை விற்றுவிட்டு, பிள்ளையோடு பாரிஸுக்குப் புறப்பட்டு வா.

1815 பிப்ரவரி 12. அன்று அம்மையாருக்கு நாற்பது வயது நிறைகிறது. கடுங்குளிர். ஏழு வயது சார்லஸ், ஒரு தாதி, இரண்டு வேலைக்காரர்கள். குழந்தையின் கல்லறையை அங்கேயே விட்டுவிட்டு வண்டி ஏறினார். சுமார் 2,000 மைல். கொண்டுபோன சாப்பாடு கட்டியாக உறைந்தது, ஒயின்கூட உறைந்தது. ஜெர்மனியில் போர் நடந்த நிலத்தில் எலும்புகள் கிடந்ததைப் பார்த்தார். நெப்போலியன் திரும்பி வருகிறான் என்று கேள்விப்பட்டதும், ஃபிராங்ஃபர்ட்டில் வேலைக்காரர்கள் இருவரும் நின்றுவிட்டார்கள். பதினாலு வயதுப் பையன் ஒருவனைத் துணைக்கு அமர்த்திக்கொண்டு மேலே போனார். பிரான்சில் நெப்போலியனின் படைக் கூட்டம், ரஷ்ய வண்டி என்று எண்ணி மறித்துக்கொண்டு, கொல்லுங்கள் என்று கூச்சல் போட்டது. பாஸ்போர்ட்டைக் காட்டி, சரளமான பிரெஞ்சில் பேசி, கைக்குட்டையை வீசி நெப்போலியன் வாழ்க என்று சொல்லித் தப்பினார். மார்ச் 23 இரவு பதினொரு மணிக்குப் பாரிஸ்.

அன்றைய நாட்குறிப்பில் ஆடம்ஸ் எழுதியது சில வரிகளே. வீடு திரும்பினேன், வண்டியைக் காணோம், அறைக்குள் போன கொஞ்ச நேரத்தில் வந்துவிட்டார்கள் என்கிற அளவில் குறிப்பு.

இந்த இடத்தை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். வங்கி வேலையில் எனக்குப் பதினோரு ஊர் மாற்றல். உத்தரவு வந்ததும் நான் முன்னால் போய்ச் சேர்ந்துவிடுவேன். முழுப்பரீட்சை முடிந்தபின் அவள் பிள்ளைகளோடும் சாமான்களோடும் வருவாள். வருஷா வருஷம் வங்கியில் தரும் டைரியில் நானும் எழுதுவேன். "என்னங்க, நாம தர்மபுரி போனப்போ உங்க டைரியில என்ன இருக்கு, பாருங்க" என்றாள். எடுத்துப் பார்த்தேன். "குடும்பம் வந்து சேர்ந்தது. மாலை மழை." அவ்வளவுதான்.

அவள் சிரித்துவிட்டு, அந்த நாளைச் சொல்ல ஆரம்பித்தாள். லாரி வழியில் நின்றது, சின்னவனுக்குக் காய்ச்சல், பஸ்ஸில் பக்கத்து இருக்கை அம்மாள் கொடுத்த வெந்நீர், அம்மி இரண்டாக உடைந்தது, அதை வைத்துவிட்டு வர மனசில்லாமல் பாதியைக் கொண்டுவந்தது. ஒரு மணி நேரம் பேசினாள். முப்பத்தெட்டு வருஷம் ஆகிறது; பஸ் டிக்கெட் விலைகூட அவளுக்கு ஞாபகம் இருக்கிறது.

லூயிசா அம்மையாரும் அப்படித்தான். அந்தப் பயணத்தை உட்கார்ந்து விரிவாக எழுதியது 1836-இல், இருபத்தொரு வருஷம் கழித்து, அறுபத்தொரு வயதில். பெண்களுக்கு ஆகாது என்று மிரட்டப்படும் காரியங்கள் நினைக்கும் அளவுக்குப் பயங்கரமானவை அல்ல, பின்னால் வருகிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்பது அவர் எண்ணம். அந்த எழுத்து அச்சேறியது 1903-இல், ஸ்கிரிப்னர்ஸ் என்ற பத்திரிகையில். வெளியிட்டவர் பேரன் புரூக்ஸ் ஆடம்ஸ். வண்டியில் வந்த அந்த ஏழு வயதுப் பையனின் மகன்.

கணவர் எழுதிய 51 தொகுதிகள் இல்லையென்றால் அந்தக் காலத்து அரசியல் நமக்குத் தெரியாது. மனைவி எழுதிய அந்தச் சில பக்கங்கள் இல்லையென்றால் அந்த நாற்பது நாள் உலகத்துக்கே தெரிந்திருக்காது. அதிகாரி எங்கே போனார் என்பது அரசாங்கக் கோப்பில் இருக்கும். குடும்பம் எப்படி வந்து சேர்ந்தது என்பதற்குக் கோப்பு கிடையாது.

நம் வயதுக்காரர்கள் வீடுகளிலும் இப்படிப் பல பயணங்கள் சொல்லப்படாமல் இருக்கும். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுங்கள். கை நடுங்கினால் அவர்கள் சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். "இதையெல்லாம் யார் படிக்கப் போறாங்க?" என்று கேட்பார்கள். என் மனைவியும் கேட்டாள். அறுபத்தேழு வருஷம் கழித்துக்கூட ஒரு பேரன் எடுத்துப் படிக்கலாம் என்றேன். தர்மபுரி முடிந்து இப்போது திருச்சி எழுதிக்கொண்டிருக்கிறாள்.