கடல் இல்லாத ஊருக்குக் கொஞ்சம் ஸ்பானிஷ்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் மலை உண்டு, அய்யனார் கோயில் அருவி உண்டு, செண்பகத்தோப்பு உண்டு, மழை பெய்தால் கண்மாயும் நிறையும். இல்லாதது கடல் மட்டும்தான்! அதற்குத் தூத்துக்குடிக்கோ திருச்செந்தூருக்கோ பஸ் ஏற வேண்டும். அப்படிப்பட்ட ஊர்க்காரருக்குக் கடற்கரை ஸ்பானிஷ் எதற்கு என்று கேட்கலாம். படிப்புக்கும் வேலைக்கும் ஊரை விட்டுக் கிளம்புகிறவர்கள் எந்தக் கரையில் போய் இறங்குவார்கள் என்று யார் கண்டது? ஸ்பெயின் முதல் அர்ஜென்டினா வரை சுமார் 20 நாடுகளில் பேச்சு ஸ்பானிஷ்தான்.

முதலில் ஒரு நாளுக்கான சொற்கள்:

கடல் – மார்
கடற்கரை – ப்ளாயா
மணல் – அரேனா
அலை – ஓலா
வெயில், சூரியன் – சோல்
தண்ணீர் – ஆகுவா
துண்டு – தோஆயா
ஐஸ்கிரீம் – எலாதோ
என்ன விலை? – குவாந்தோ குவெஸ்தா?

ஸ்பானிஷில் 'ஹெச்' எழுத்துக்குச் சத்தமே கிடையாது. அதனால் வணக்கம் சொல்வதும் 'ஓலா', அலையும் 'ஓலா'!

"இங்கிலீஷே தகராறு, இதில் ஸ்பானிஷ் வேறா?" என்று பயப்பட வேண்டாம். 16ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைக் கரைக்கு வந்த போர்த்துக்கீசியர் சில சொற்களைத் தமிழில் விட்டுப் போனார்கள். துவாலை, மேசை, சாவி எல்லாம் அவர்கள் மொழியிலிருந்து வந்தவை. போர்த்துக்கீசியமும் ஸ்பானிஷும் அக்கா தங்கை மாதிரி. அதனால்தான் துவாலை அங்கே 'தோஆயா', மேசை 'மேசா', சாவி 'யாவே'. கணக்கு ஒருவழிப் பாதையும் அல்ல. நம் கட்டுமரம் இங்கிலீஷ் வழியாகப் போய் 'கதமரான்' ஆகி அங்கே மிதக்கிறது. ராஜபாளையம் சந்தையில் குவியும் மாங்காய்க்கும் ஸ்பானிஷ் 'மாங்கோ'வுக்கும் வேர் ஒன்றே.

உச்சரிப்பும் நமக்குச் சாதகம். இங்கிலீஷ்காரர் 'ட' என்று தடுமாறும் இடத்தில் ஸ்பானிஷுக்கு வேண்டியது நம் 'த'. டீக்குக்கூட அங்கே 'தே' என்றுதான் பெயர். ர, ற போல அவர்களுக்கும் இரண்டு உண்டு. மென்மையாக 'பெரோ' என்றால் 'ஆனால்'. நாக்கை உருட்டி 'பெர்ரோ' என்றால் நாய். ராஜபாளையத்துக்காரர் இதை மறக்கவே முடியாது!

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் கேட்டு வாங்க வேண்டியது 'துல்சே தே லேச்சே'. பாலையும் சர்க்கரையும் சுண்டக் காய்ச்சிய இனிப்பு, அர்ஜென்டினாவில் பிரபலம். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற நம் பால்கோவா திரிதிரியாக இருக்கும். அது பழுப்பு நிறத்தில் வழுவழுப்பாக இருக்கும். எது ருசி என்று இங்கே சண்டை வேண்டாம் :-)

கடைசியாக, மற்றதெல்லாம் மறந்தாலும் மறக்கக் கூடாத ஒன்று: 'பந்தேரா', அதாவது கொடி. ஸ்பெயின் கடற்கரைகளில் பச்சைக் கொடி பறந்தால் குளிக்கலாம். மஞ்சள் என்றால் ஜாக்கிரதை. சிவப்பு என்றால் இறங்கவே கூடாது. சிவப்புக் கொடி 'பந்தேரா ரோஹா'. எழுத்தில் பார்த்தால் நமக்கு 'ரோஜா' என்றே தெரியும், அதை வைத்தே நினைவில் கொள்ளலாம். 'பெலிக்ரோ' என்று பலகை இருந்தால் ஆபத்து. உதவிக்குக் கத்த 'சோகோர்ரோ'.

கரையோரம் வளர்ந்தவர்களுக்குக் கடலின் குணம் பார்த்தே தெரியும். கண்மாயில் நீச்சல் பழகியவருக்கு அடியில் இழுக்கும் நீரோட்டம் தெரியாது. ஐஸ்கிரீமைக் கைகாட்டி வாங்கிக்கொள்ளலாம். கொடியின் அர்த்தத்தைத் தண்ணீரில் இறங்குவதற்கு முன்பே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.